"கிட்னிக்குப் பரவிடுச்சாம்!"

முதுகு வலி, இடுப்பு வலி என்று சொல்லாத பெண் நம் வீடுகளில் உண்டா, நீங்களே சொல்லுங்கள்! பிள்ளை பெற்றவளுக்கு ஒரு வலி, குடம் தூக்கினவளுக்கு ஒரு வலி, நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்கு ஒரு வலி. கொஞ்சம் தைலம், ஒரு மாத்திரை, ராத்திரி வெந்நீர் ஒத்தடம். அதோடு சரி. காலையில் பால்காரர் மணியடித்தால் எழுந்துதானே ஆக வேண்டும்? அநேகமாக இந்த வலிகள் வந்த வழியே போய்விடும். போகாமல் தங்கிவிட்ட ஒரு வலியைப் பற்றி உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. அண்ணாமலை நகரில், திருவேட்களம் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடித்தனம் நடத்தும் ஒரு சாதாரணக் குடும்பப் பெண். என் மாமியாருக்கு வந்த நோய் இன்னதென்று தெரிய ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைத் தெரிந்துகொண்டால், இன்னொரு வீட்டில் யாராவது ஒருத்தி கொஞ்சம் முன்னதாக விழித்துக்கொள்வாள் அல்லவா?

அத்தை புவனகிரியில் மூத்த மகனோடு இருக்கிறார். அப்போது அவருக்கு 62 வயது. 2023 சித்திரையில் ஒரு நாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் 'சுரீர்' என்று பிடித்தது. "வாயு பிடிச்சிருக்கும்" என்று பூண்டு ரசம் வைத்துக் குடித்தார். குறையவில்லை. மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிக் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று போட ஆரம்பித்தார். ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டியபோது, "வயசுக்கேத்த தேய்மானம்" என்று பெல்ட் கொடுத்தார்கள். அத்தை அந்தப் பெல்ட்டைக் கட்டிக்கொண்டே மாவு அரைத்தார்.

வைகாசியில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.6. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். அது வேறொரு டாக்டர். சத்துக் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். நாங்களும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், சுவரொட்டி என்று விடாமல் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் 7.4! "இத்தனை கீரையும் எங்கதான் போவுதோ" என்று என் நாத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆடி மாதம் தாகம் ஆரம்பித்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர். ராத்திரியில் ஐந்தாறு தடவை எழுந்து போவார். சர்க்கரையாக இருக்கும் என்று பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. மலச்சிக்கல், வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு. இதற்கு மூன்றாவதாக ஒரு டாக்டர், ஒரு வயிற்று மருந்து. ஒரு நாள் நான் போயிருந்தபோது அத்தை என்னை நாத்தனார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருத்திச் சொன்னேன். பத்து நிமிஷத்தில் மறுபடியும் அதே பெயர். வயதாகிவிட்டது என்று எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மாதம் முன்புவரை முப்பது வீட்டு மொய்க்கணக்கை நோட்டைப் பார்க்காமல் ஒப்பிக்கிறவர் அவர்.

ஆவணியில் கால் வீங்கியது. ரத்தத்தில் கிரியாட்டினின் 4.2 என்று வந்தது. சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டும் கணக்கு அது. ஆரோக்கியமான பெண்களுக்கு 1-ஐ ஒட்டி இருக்கும். அதே வாரம் முதுகு எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். ஒரு முதுகெலும்பு நசுங்கியிருந்தது. விலா எலும்பில் அங்கங்கே ஓட்டை. எக்ஸ்ரே எடுத்த இடத்தில் யாரோ, "எலும்பில் புற்று மாதிரி தெரியுது, பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்களாம்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் புவனகிரியிலிருந்து சேத்தியாத்தோப்பு வரை சொந்தக்காரர்கள் எல்லோர் வாயிலும் ஒரே வாக்கியம்: "எலும்புல புற்றாம், கிட்னிக்குப் பரவிடுச்சாம்."

அன்று ராத்திரி கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். என் கணவரின் அண்ணன்தான் முதலில் பேசினார். "இதுக்கு மேல என்னத்தப் பண்றது? பரவினதுக்கப்புறம் எந்த டாக்டர் என்ன பண்ணுவார்? ஊசி குத்திக் குத்தி அம்மாவைக் கஷ்டப்படுத்த வேண்டாம். வீட்டுலயே நிம்மதியா இருக்கட்டும்." கல்நெஞ்சில் சொன்னதில்லை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னார். உள்ளறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "என் வளையலை மட்டும் வித்துடாதீங்கடா. சின்னவ பொண்ணுக்குன்னு வெச்சிருக்கேன்."

எனக்கு நெஞ்சு அடைத்தது. ஆனால் ஒரு சந்தேகமும் வந்தது. "மாமா, பரவிடுச்சுன்னு யார் சொன்னாங்க? எந்தக் காகிதத்துல எழுதியிருக்கு?" என்று கேட்டேன். எல்லாக் காகிதத்தையும் எடுத்து விரித்தோம். ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் கிட்னி கெட்டிருக்கிறது என்று இருந்தது. எக்ஸ்ரே காகிதத்தில் எலும்பில் ஓட்டை என்று இருந்தது. 'பரவியது' என்ற சொல் இரண்டிலும் இல்லை. இரண்டு காகிதத்துக்கும் நடுவில் அந்தச் சொல்லைப் போட்டவர்கள் நாங்களேதான்!

<b>ஒரே மேஜையில் எல்லாக் காகிதமும்</b>

மறுநாள் காலை அந்தக் காகிதங்களை எல்லாம் ஒரு மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு, அத்தையைக் காரில் படுக்க வைத்து, எங்கள் ஊர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக ஆரம்பித்தது. பிறகு அரசு எடுத்துக்கொண்டு, இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி என்கிறார்கள். ஊரில் எங்களுக்கு எந்தப் பெயரானாலும் 'யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி'தான்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டரம்மா. மஞ்சள் பையைக் கவிழ்த்துக் காகிதங்களைத் தேதிவாரியாக மேஜையில் அடுக்கினார். அதுவரை ஒருவரும் கேட்காத கேள்விகளை வரிசையாகக் கேட்டார். "தாகம் எப்பலேருந்து? மலச்சிக்கல் உண்டா? பேச்சில் தடுமாற்றம் இருக்கா? இந்த வருஷம் எத்தனை தடவை சளிக்காய்ச்சல் வந்துச்சு? வலி மாத்திரை எத்தனை நாளாப் போடறாங்க?" பிறகு புதிதாக ரத்தம் எடுத்துக் கால்சியம் பார்க்கச் சொன்னார். 13.1 என்று வந்தது. 10.5-க்கு மேல் போகக்கூடாதாம். பழைய காகிதம் ஒன்றில், ரத்தத்தின் மொத்தப் புரதம் அதிகமாகவும் அதில் அல்புமின் மட்டும் குறைவாகவும் இருந்ததைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

"நாலு வீட்டுல திருட்டுப் போனா நாலு திருடன்னு நினைச்சுத் தேடறோம். ஒரே திருடனாகவும் இருக்கலாம்மா" என்றார்.

அந்த நாலு என்ன தெரியுமா? ரத்தத்தில் கால்சியம் கூடுவது. சிறுநீரகம் கெடுவது. ரத்தசோகை. எலும்பு வலியும் ஓட்டையும். இந்த நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'கிராப்', அதாவது நண்டு என்ற சொல் வருமாம். மருத்துவ மாணவர்கள் அப்படித்தான் மனப்பாடம் செய்வார்களாம். தனித்தனியாக வந்தால் நாலுக்கும் நூறு காரணம் இருக்கலாம். நாலும் ஒரே உடம்பில் சேர்ந்து வந்தால், 'மல்டிபிள் மைலோமா' என்ற நோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

"அப்ப கிட்னிக்குப் பரவிடுச்சுன்னு சொல்றது?" என்று கேட்டேன்.

"பரவலைம்மா. அடைச்சிருக்கு."

அந்த இரண்டு வார்த்தையில் என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்ததை இப்போது நினைத்தாலும் கண் கலங்குகிறது.

டாக்டரம்மா ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். எலும்புக்குள்ளே மஜ்ஜை இருக்கிறது. ரத்தம் ஊறுகிற இடம். அங்கே பிளாஸ்மா அணுக்கள் என்று ஒரு வகை உண்டு. கிருமிகளை எதிர்க்கும் புரதங்களைத் தயாரிப்பது அவற்றின் வேலை. அவற்றில் ஒன்று கெட்டுப்போய்க் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதான் இந்த நோய். அவை பெருகப் பெருக, நல்ல ரத்தம் ஊற இடமில்லாமல் போகிறது. அதனால்தான் எத்தனை கீரை சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை. அவை சுற்றியுள்ள எலும்பையும் அரிக்கத் தூண்டுகின்றன. கரைந்த எலும்பின் கால்சியம் ரத்தத்தில் சேருகிறது. தாகம், மலச்சிக்கல், மனத் தடுமாற்றம் எல்லாம் அந்தக் கால்சியத்தால் வந்தவை. கெட்ட அணுக்கள் ஒரே மாதிரியான உபயோகமில்லாத புரதத்தை ஓயாமல் கொட்டுகின்றன. அதில் ஒரு சிறு துண்டு சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டி, நுண்ணிய குழாய்களில் போய்க் கட்டிப்பிடித்து அடைத்துக்கொள்கிறது.

சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விடாமல் அப்படியே சாக்கடைக் குழாயில் ஊற்றினால் என்ன ஆகும்? நாளடைவில் உறைந்து அடைத்துக்கொள்ளும். குழாய் கெட்டுவிட்டது என்று அதைப் பிடுங்கி எறிவோமா? கஞ்சி வருவதை நிறுத்தி, தண்ணீரை விட்டுப் பார்ப்போம். சீக்கிரம் பார்த்தால் வழி விடும். ரொம்ப நாள் விட்டுவிட்டால் குழாயே வீணாகும். எங்களுக்குப் புரிகிற மாதிரி அவர் சொன்னது இதுதான்.

<b>'எலும்புப் புற்று' ஒன்றல்ல</b>

அப்புறம்தான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நாம் 'எலும்புப் புற்று' என்று ஒரே பேரில் சொல்வதற்குள் மூன்று வேறு வேறு நோய்கள் இருக்கின்றன.

எலும்பிலேயே பிறக்கும் புற்று ஒன்று. அதில் முக்கியமான வகை வளரும் பிள்ளைகளுக்கும் இளவட்டங்களுக்கும் வருவது. பெரும்பாலும் முழங்கால் பக்கம் வீக்கமும் வலியுமாக ஆரம்பிக்கும். பரவினால் முதலில் நுரையீரலுக்குத்தான் போகும். சிறுநீரகத்துக்குப் போவது அபூர்வம்.

வேறு உறுப்பில் பிறந்து எலும்புக்கு வருவது இரண்டாவது. மார்பு, நுரையீரல், தைராய்டு, சிறுநீரகம், ஆண்களுக்குப் புராஸ்டேட், இவற்றில் வரும் புற்று எலும்புக்குப் பரவக்கூடும். அதாவது, எலும்பிலிருந்து கிட்னிக்கு என்று நாங்கள் சொன்ன வழிக்கு நேர் எதிர்வழி! மார்பில் கட்டிக்கு வைத்தியம் செய்துகொண்ட ஒரு பெண்ணுக்குப் பல வருஷம் கழித்து முதுகு வலி வந்தால், அந்தப் பழைய கதையை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மஜ்ஜையில் பிறக்கும் மைலோமா. எலும்பும் சிறுநீரகமும் சேர்ந்து பழுதாகியிருந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். பெரும்பாலும் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் வருவது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரியாமல் கையை விரிப்பது எவ்வளவு அநியாயம், யோசித்துப் பாருங்கள்!

<b>லண்டன் மளிகைக்காரர்</b>

இந்த நோயின் பழைய கதையையும் பிறகு தேடிப் படித்தேன். விவரமாக எழுதிவைக்கப்பட்ட முதல் நோயாளிகளில் ஒருத்தி, லண்டனில் சாரா நியூபரி என்ற 39 வயதுப் பெண். நாலு வருஷமாக உடம்பு வலி, அசதி. ஒரு நாள் கணவர் அவளைத் தூக்கிப் படுக்கையில் விடும்போதே இரண்டு தொடை எலும்பும் முறிந்துவிட்டன. 1844-ல் இறந்துபோனாள்.

அதே வருஷம், அதே ஊரைச் சேர்ந்த தாமஸ் மெக்பீன் என்ற மளிகைக்கடைக்காரர் ஒரு பள்ளத்திலிருந்து தாவி ஏறும்போது நெஞ்சில் ஏதோ ஒடிந்ததுபோல் உணர்ந்தார். வலி போகவே இல்லை. 1845-ல் அவருடைய சிறுநீரை அவரைப் பார்த்த டாக்டர்கள் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற ரசாயனம் தெரிந்த டாக்டருக்கு அனுப்பினார்கள். அமிலம் விட்டு ஆறவைத்தால் அது திரிந்தது. சூடாக்கினால் திரிந்தது கரைந்துவிட்டது. ஆறினால் மறுபடியும் திரிந்தது! நம் அடுப்படியில் திரிந்த பால் திரும்பத் தெளிந்தது உண்டா? வெந்த முட்டை வெள்ளை கரைந்தது உண்டா? இது அப்படிப்பட்ட சாதாரணப் புரதம் இல்லை என்று அவர் கண்டுகொண்டார். மெக்பீன் 1846 ஜனவரி 1-ம் தேதி இறந்தார். இன்றைக்கும் அந்தப் புரதத்துக்கு 'பென்ஸ் ஜோன்ஸ் புரதம்' என்றுதான் பெயர்.

இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. சிறுநீரில் குச்சியை நனைத்துப் பார்க்கும் வழக்கமான பரிசோதனை பெரும்பாலும் அல்புமினைத்தான் காட்டும். இந்தப் புரதம் அதில் சிக்காமல் போகலாம். அத்தையின் சிறுநீர்க் காகிதத்திலும் 'புரதம் லேசாக' என்றுதான் இருந்தது. ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரைத் தனியாகப் பரிசோதித்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

<b>பரிசோதனைகள்</b>

'புரோட்டீன் எலக்ட்ரோபோரசிஸ்' என்று ஒரு ரத்தப் பரிசோதனை. வாயில் நுழையாத பெயர், ஆனால் சாதாரண ரத்தம் எடுப்பதுதான். ரத்தத்திலுள்ள புரதங்களை வகை பிரித்துக் கோடாகப் போட்டுக் காட்டும். எதிர்ப்புப் புரதங்கள் இருக்கும் இடத்தில் நமக்கெல்லாம் தாழ்வான மண்மேடு போல இருக்கும். அத்தைக்குக் கூர்மையாக ஒரு கோபுரம் எழும்பி நின்றது. ஒரே அணுக்கூட்டம் ஒரே புரதத்தைக் கொட்டுவதன் அடையாளம் அது.

அடுத்தது மஜ்ஜைப் பரிசோதனை. பெயரைக் கேட்டதுமே அத்தை பயந்துவிட்டார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, கனமான ஊசியால் கொஞ்சம் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். உறிஞ்சும் அந்தச் சில விநாடிதான் உள்ளுக்குள் இழுக்கிற மாதிரி வலி. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எழுந்ததும், "இதுக்கா இவ்ளோ பயந்தேன்? பிரசவத்துல பாதி கூட இல்ல" என்றார். பத்து சதவீதமோ அதற்கு மேலோ கெட்ட பிளாஸ்மா அணுக்கள் இருந்து, கூடவே அந்த நாலில் ஒன்றாவது இருந்தால் மைலோமா என்று முடிவு செய்வார்களாம். அத்தைக்கு நாற்பது இருந்தது.

முடிவு வருகிற வரை டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. முதல் வேலையாக வலி மாத்திரையை நிறுத்தினார்கள். அடைப்பினால் திணறுகிற சிறுநீரகத்தை அந்த மாத்திரைகள் இன்னும் கெடுக்குமாம். நரம்பு வழியாகத் திரவம் ஏற்றிக் கால்சியத்தை இறக்கினார்கள். மூன்று தடவை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. நோய் இன்னதென்று உறுதியானதும் கடலூர் வழியாகப் புதுச்சேரி ஜிப்மருக்குப் போனோம்.

அங்கே வாரம் ஒரு தடவை வயிற்றுத் தோலுக்கடியில் ஊசி, கூடவே ஸ்டிராய்டு மாத்திரை. தலைமுடி கொட்டிவிடும் என்று பயந்தோம், அத்தைக்குக் கொட்டவில்லை. கை கால் மரத்துப்போனது. ஸ்டிராய்டு போட்ட ராத்திரியில் தூக்கமில்லாமல் மூன்று மணிக்கே வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவார். இரண்டு மாதத்தில் கிரியாட்டினின் 4.2-லிருந்து 1.9-க்கு இறங்கியது. அதற்கப்புறம் டயாலிசிஸ் தேவைப்படவில்லை. என்னை என் பெயரிலேயே கூப்பிட ஆரம்பித்தார்!

சிறுநீரகம் கொஞ்சம் தேறியதும் 'லெனாலிடமைடு' என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். இளம் தாய்மார்கள் இதை மட்டும் ஊன்றிக் கவனியுங்கள். இது தாலிடமைடு என்ற மருந்தின் வழியில் வந்தது. 1950-களின் கடைசியில் மசக்கை வாந்திக்கும் தூக்கத்துக்கும் தாலிடமைடைக் கொடுத்து, பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தன. 1961-ல் அதைக் கடைகளிலிருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். பின்னால் 1999-ல் அதே மருந்து மைலோமாவுக்குக் கேட்கிறது என்று தெரிந்தது. விஷமே மருந்தான கதை! ஆனாலும் கர்ப்பிணிகளுக்கு அது விஷம்தான். என் கொழுந்தன் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். அந்த மாத்திரையை உடைக்கவோ பிரிக்கவோ கூடாது, அவள் தொடவே கூடாது என்று டாக்டர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அடியோடு தீருகிற நோயா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. மனதார ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை அது. அடக்கி வைக்கலாம். மறுபடி தலையெடுத்தால் வேறு மருந்து கொடுத்து மறுபடி அடக்கலாம். சர்க்கரைக்காரர்களைப் போல் கூடவே வைத்துக்கொண்டு வருஷக் கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அவர்களுடைய சொந்த ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்து, கடுமையான மருந்து கொடுத்த பிறகு திருப்பி ஏற்றுவார்கள். 1996-ல் சரத்குமாரோடு 'நேதாஜி' படத்தில் நடித்த லிசா ரேயை ஞாபகம் இருக்கிறதா? 2009-ல், 37 வயதில், அவருக்கு இந்த நோய் என்று தெரிந்தது. ஸ்டெம் செல் சிகிச்சை செய்துகொண்டு, பத்து வருஷம் கழித்துத் தன் கதையைப் புத்தகமாகவே எழுதினார். நடிகையும் எம்.பி.யுமாக இருந்த கிரண் கேருக்கு 2020 நவம்பரில் சண்டிகர் வீட்டில் இடது கை முறிந்தது. எலும்பு முறிவு என்று போன இடத்தில்தான் மைலோமாவைக் கண்டுபிடித்தார்கள். பெரிய இடத்துப் பெண்களுக்கும் இது இப்படித்தான், அசதியாகவோ முறிவாகவோ வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

புற்று என்றாலே சாவு என்று எல்லோரும் நினைத்த காலத்தில்தான், தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் 1954-ல் ஆஸ்பத்திரி தொடங்கினார். டாக்டர் சாந்தா 1955-லிருந்து 2021-ல் கண்மூடும் வரை அங்கேயே உழைத்தார். அவர்கள் பாடுபட்டதெல்லாம், நாம் கூடத்தில் உட்கார்ந்து ஒரு வார்த்தையைக் கேட்டுக் கைவிட்டுவிடுவதற்கா?

<b>நாம் செய்யக்கூடியது</b>

முதுகு வலிக்கிற எல்லோருக்கும் இந்த நோய் இருக்காது. இது அபூர்வமானதுதான், வீணாகப் பயப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் வரும் இடுப்பு வலியை இதோடு சேர்த்து மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் அம்மாவையும் மாமியாரையும்தான் கவனிக்க வேண்டும். ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் விடாத முதுகு வலியோ விலா வலியோ இருக்கிறதா? மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ரத்தசோகையா? லேசாகத் தடுக்கியதற்கே எலும்பு முறிந்ததா? காரணமில்லாமல் எடை குறைகிறதா? அடிக்கடி சளிக்காய்ச்சலா? ஒன்றுக்கு மேல் சேர்ந்திருந்தால், ரத்த அணுக்கள், ஈ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், கால்சியம், மொத்தப் புரதமும் அல்புமினும், இவற்றையும் எக்ஸ்ரேயையும் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் மேற்கொண்டு அவர்களே சொல்வார்கள்.

விடாத முதுகு வலிக்காரரைக் காரணம் தெரியாமல் மிதிக்கச் சொல்வதும், நீவி முறுக்குவதும் வேண்டாம். உளுத்த எலும்பு நொறுங்கிவிடும். முதுகு வலியோடு கால் பலமிழந்தாலோ, மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, தன்னையறியாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். கடையில் வாங்கும் வலி மாத்திரையை வாரக் கணக்கில் போட விடாதீர்கள்.

முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வைத்தியத்துக்குச் செல்லும் என்று ஆரம்பத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். அத்தையின் வளையலைக் கடைசி வரை விற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், காகிதங்கள். ரேஷன் கார்டையும் வீட்டுப் பத்திரத்தையும் பத்திரமாக வைக்கிற நாம், பரிசோதனைக் காகிதங்களைப் பரணில் போட்டுவிடுகிறோம். வீட்டில் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு பை. அதில் தேதிவாரியாக எல்லா ரிப்போர்ட்டும், மாத்திரைச் சீட்டும். எந்த டாக்டரிடம் போனாலும் அந்தப் பை கூடவே போக வேண்டும். முதுகு டாக்டரிடம் முதுகை மட்டும், வயிற்று டாக்டரிடம் வயிற்றை மட்டும் சொல்லாமல், எல்லாவற்றையும் சொல்லுங்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தார், என்ன பெயர் மாற்றிக் கூப்பிட்டார் என்பதெல்லாம் எந்த ஸ்கேனிலும் தெரியாது. கூடவே இருக்கிற நமக்குத்தான் தெரியும்.

இதை எழுதும்போது இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. அத்தை குடம் தூக்குவதில்லை. குனிந்து கோலம் போடுவதில்லை. மாதா மாதம் ரத்தம் பார்க்கிறோம். அந்த நாளில் எனக்கு வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், "உங்க மாமியாருக்குக் கிட்னிக்கெல்லாம் பரவிடுச்சாமே, இன்னும் இருக்காங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டார். பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்த அத்தையைக் காட்டினேன்.